இல்லாத மனுஷனுக்கு ஒரு வாழ்த்து அட்டை

துணி துவைக்கும் மெஷினின் மூடிமேல் தட்டை வைத்து, நின்றபடியே இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹால்வர் அன்றைக்கு ஒரு வீர முடிவுக்கு வந்தார். இனிமேல் இந்த வீட்டில் சாப்பாட்டு மேசை சாப்பிடுவதற்குத்தான். இப்போதே போய்ச் சொல்லிவிடுவது. நிமிர்ந்து நின்று, குரலை உயர்த்தி, ஒரே போடாகப் போட்டுவிடுவது.

போனார். நிமிர்ந்தார். குரல்தான் வரவில்லை.

அந்த மேசையைப் பார்த்தால் யாருக்குத்தான் வரும்? மரப்பிடி போட்ட ரப்பர் ஸ்டாம்புகள் ஒரு பக்கம் படையாக நின்றன. குருவி, மான், பைன் மரம், பூங்கொத்து, ‘விரைவில் நலம் பெறுக’. இன்னொரு பக்கம் ஸ்டென்சில் தகடுகள். ஜாம் பாட்டில் நிறைய வாட்டர்கலர் மார்க்கர்கள். ஜிகினா டப்பா மூன்று இருந்தது, மூன்றுக்கும் மூடி இல்லை. போன வாரம் ஹால்வர் பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபோது உள்ளே ஜிகினா மின்னியது. முந்தின மாதம் முழங்கையில் ‘இனிய ஈஸ்டர்’ என்ற முத்திரையோடு கடைக்குப் போய் வந்தார். ஊரே படித்துவிட்டுத்தான் அவரிடம் சொன்னது.

இத்தனைக்கும் நடுவே அவருடைய மனைவி ஆர்டிஸ், நாக்கு நுனியை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒரு குருவியின் வயிற்றுக்குச் சிவப்பு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ன ஹால்வர்?”

“ஒண்ணுமில்ல.”

“சாப்பாட்டுல உப்பு இல்லையா?”

“இருக்கு.”

“அப்ப ஏன் நிக்கற? வெளிச்சத்த மறைக்கற பாரு.”

நகர்ந்தார். நகர்ந்தாரே தவிர, போகவில்லை. “இதெல்லாம் யாருக்கு?” என்று கேட்டார்.

“தனியா இருக்கறவங்களுக்கு. குளிர்காலம் முழுக்க வெளிய வர முடியாம, பேச ஆள் இல்லாம கெடக்கறாங்களே, அவங்களுக்கு.”

ஹால்வர் தொண்டையைச் செருமினார். “எனக்கு ஒண்ணு போடேன்.”

ஆர்டிஸ் மார்க்கரை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “உனக்கென்ன? நீ தனியாவா இருக்க? நான்தான் பக்கத்து ரூம்லயே இருக்கேனே.”

மனுஷன் பக்கத்து அறைக்குப் போய், சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வானிலை சேனலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

ஹால்வரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில், மினசோட்டாவின் வடகோடியில், நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் வம்சம் நிறைந்த எங்கள் ஊரில் புல்வெட்டும் மெஷினும் படகு மோட்டாரும் பழுது பார்த்தே வயதானவர். கடையை விற்றாகிவிட்டது. மகள் டென்வரில். மெஷின் பேசினால் புரிந்துகொள்வார், மனுஷர்கள் பேசினால் தலையாட்டுவார். எங்கள் ஊர் ஆண்கள் எல்லோருமே அப்படித்தான் என்று வையுங்கள். காலே உடைந்து கிடந்தாலும், “எப்படி இருக்கீங்க?” என்றால் “மோசமில்ல” என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டால் மாடு கறக்கப் போய்விடுவார்கள். மாடு இல்லாதவர்களும் போய்விடுவார்கள்.

ஆனால் பேசாதவனுக்கு ஏக்கம் இருக்காது என்று யார் சொன்னது? கடை இருந்தவரை தெரியவில்லை. இப்போது நாள் முழுவதும் வீட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டாம்ப் குத்துகிற ‘டொக் டொக்’ சத்தம் கேட்கும். ஒவ்வொரு டொக்கும் யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆளுக்கு. முப்பத்தைந்து மைலுக்கு அப்பால் இருக்கிற கிழவிக்கெல்லாம் ஆர்டிஸின் நினைப்பு தபாலில் போகிறது. சுவரைத் தாண்டி மட்டும் வரமாட்டேன் என்கிறது. அது அவருக்கு வலித்தது. வெளியே சொல்லத்தான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. ஆர்டிஸின் கார்டுக் கூட்டத்துப் பெட்டி. தெரிந்தவர் யாராவது தனிமையில் வாடினால், பெயரையும் முகவரியையும் ஒரு சீட்டில் எழுதிப் போடலாம். புதன்கிழமை புதன்கிழமை அந்தப் பெண்கள் அடித்தளத்தில் கூடி, பெட்டியைத் திறந்து, ஆளுக்கு ஒருவரைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

ஹால்வருக்கு மூளையில் ஒரு மோட்டார் ஸ்டார்ட் ஆனது.

அவருடைய சிநேகிதன் கிளேட்டன் குளிர் தாங்காமல் அரிசோனாவுக்குப் போய்விட்டான். பனிக்காலம் முடிந்துதான் வருவான். ஏரிக்கரையில் இருக்கிற அவனுடைய சின்ன வீட்டின் சாவி ஹால்வரிடம். குழாய் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த வீட்டுக்கும் ஒரு தபால் பெட்டி உண்டு. கதவு எண் ஆர்டிஸுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

இடது கையால், கோணல் மாணலாக எழுதினார்: ‘டோர்வால்ட் ஸ்கார். வயதானவர். மனைவி இல்லை. வெளியே போக முடியாது. மிகவும் தனிமையாக இருக்கிறார்.’ கீழே கிளேட்டன் வீட்டு முகவரி. மடித்துப் போட்டுவிட்டு, திருடன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. மனுஷனுக்கு வாழ்நாளில் முதல் பொய்.

அதற்கப்புறம் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. சீட்டு லொரெய்ன் கைக்குப் போய்விட்டால்? லொரெய்ன் பக்கத்து வீட்டு விதவை. கார்டுக் கூட்டத்தில் ஆர்டிஸுக்கு வலது கை. அவள் போடுகிற அட்டையில் எந்த ஸ்டாம்பைக் குத்தினாலும் வாத்து மாதிரியே விழும். வாத்துப் படத்துக்காகவா இவ்வளவு பாடு?

வாத்து வரவில்லை. குருவி வந்தது.

கிளேட்டன் வீட்டுச் சமையலறையில், கவிழ்த்துப் போட்ட மீன் வாளிமேல் உட்கார்ந்து, கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, உறையைப் பிரித்தார். ஸ்டென்சில் வைத்து வரைந்த பிர்ச் மரக்கிளை. கிளைமேல் அதே சிவப்புக் குருவி. ஓரத்து நிறத்தை ஈரத் தூரிகையால் இழுத்துக் கரைத்திருந்தாள். உள்ளே அவளுடைய சாய்ந்த கையெழுத்து.

‘அன்புள்ள திரு. ஸ்கார், உங்களை எனக்குத் தெரியாது. ஆனாலும் இப்படி ஒரு குருவி உங்கள் ஜன்னலில் வந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. இந்தக் குளிர்காலம் ரொம்ப நீளம். ஊரில் யாரோ ஒருத்தி நம்மை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் கொஞ்சம் குறையும் இல்லையா? — ஆர்டிஸ்.’

ஹால்வர் படித்தார். மறுபடி படித்தார். மூக்கு ஒழுகியது. குளிருக்கு ஒழுகுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆர்டிஸிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நெஞ்சு முட்டியது. ‘எவ்வளவு அழகா எழுதியிருக்க!’ என்று சொல்லலாமா? சொல்ல முடியாதே.

“குழாய் உறையல,” என்றார்.

“நல்லது,” என்றாள் ஆர்டிஸ்.

பதில் எழுதாமல் இருக்க முடியுமா? இடது கையால் நாலு வரிக்கு மேல் எழுதினால் அவருக்கே புரியவில்லை. ஆகவே ஆர்டிஸின் எழுத்து ஸ்டென்சிலைக் கோட்டுக்குள் வைத்துக் கடத்திக்கொண்டு போனார். தகட்டை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக மார்க்கரால் நிரப்ப வேண்டும். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். ஆனால் ஒரு அதிசயம் பாருங்கள். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே யோசிக்க நேரம் கிடைத்தது. வாயால் பேசும்போது கிடைக்காத நேரம் அது. சாயங்காலம் குளிர் இறங்கும்போது ஏரிமேல் பனிக்கட்டி விரிசல் விட்டு முனகுகிற சத்தத்தைப் பற்றி எழுதினார். இறந்துபோன தன் மனைவியைப் பற்றி எழுதினார். இல்லாத மனைவிதான். ஆனால் எழுத எழுத அவள் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு வேலை செய்தாள், நடக்கும்போது மெல்ல முணுமுணுத்துப் பாடினாள், வாசற்படியில் எப்போதும் இடது காலைத்தான் முதலில் வைத்தாள். ‘அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை’ என்று முடித்தார்.

அந்த வாரம் ஆர்டிஸ் மேசையடியில் குனிந்து தேடினாள்.

“ஹால்வர், என் ஸ்டென்சிலைப் பாத்தியா?”

“எந்த ஸ்டென்சில்?”

“எழுத்து ஸ்டென்சில்.”

“எழுத்தா?”

“ஆமா, எழுத்து. ஏ பி சி டி. கேள்விப்பட்டிருக்கியா?”

“பாக்கல.”

“சரி விடு. கால் முளைச்சுப் போயிருக்கும்,” என்றாள். அதோடு விட்டுவிட்டாள். ஹால்வர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த அட்டையில் ஏரியும் மீன்பிடிக் குடிலும். உள்ளே விஷயம் கொஞ்சம் சூடாகவே இருந்தது.

‘அன்புள்ள டோர்வால்ட், உங்கள் மனைவி கொடுத்து வைத்தவர். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான். குடிப்பதில்லை, அடிப்பதில்லை, பேசுவதும் இல்லை. பனி பெய்கிறதா என்று டி.வி.யில் பார்ப்பார். ஜன்னல் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குளியலறைக் குழாய் கிறிஸ்துமஸிலிருந்து சொட்டுகிறது. படுத்துக்கொண்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் விடாமல் பேசுவது அது ஒன்றுதான்.’

ஹால்வருக்குச் சுருக்கென்றது. பக்கத்து அறையில் டொக் டொக்கென்று குத்திக்கொண்டிருந்தவளும் இதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தாளா? இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள், நடுவில் ஒரு சுவர்.

நேரே வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைச் சரி செய்தார். வாஷரை மாற்றினார், மூட்டுகளை இறுக்கினார், தொட்டியைத் துடைத்தும் வைத்தார்.

“அடடே, குழாய் நின்னுபோச்சே!” என்றாள் ஆர்டிஸ்.

“ம்.”

“நீயா பண்ணின? நான் சொல்லவே இல்லையே!”

“தோணிச்சு.”

ஆர்டிஸ் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். தட்டிய இடம் ராத்திரி வரை கதகதப்பாக இருந்தது. ஹால்வருக்குத் தலை கால் புரியவில்லை. பெண்டாட்டியின் மனசுக்குள் எட்டிப் பார்க்க ஒரு ஜன்னலே கிடைத்துவிட்டதே! உலகத்தில் எந்தப் புருஷனுக்குக் கிடைத்தது இந்த வரம்? அவளுக்குத் தெரியாமல், அவள் மனசில் இருப்பதை ஒவ்வொன்றாக நடத்திக் காட்டலாம். ஆர்டிஸ், உன்னை ஜெயித்துவிட்டேன்!

அதற்கப்புறம் வாரா வாரம் அட்டை வந்தது. வாரா வாரம் ஹால்வர் ஓடினார்.

‘எங்கள் வீட்டு அடித்தளத்துப் பரணில் என் கணவர் சேர்த்து வைத்திருக்கும் பழைய மோட்டார்களைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது’ என்று எழுதியிருந்தது. மோட்டார்கள் போயின. ஹால்வர் ஒவ்வொன்றையும் தடவிக் கொடுத்துத்தான் அனுப்பினார். ‘வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு யாராவது என்னைக் கூட்டிக்கொண்டு போய் எவ்வளவு நாளாயிற்று’ என்று வந்தது. கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருவரும் வறுத்த மீனைப் பற்றி “நல்லா இருக்கு”, “ஆமா, நல்லா இருக்கு” என்று பேசிக்கொண்டார்கள். ‘அந்தப் பழுப்பு ஸ்வெட்டரை அவர் கழற்றினால் தேவலை’ என்று வந்தது. கழற்றினார். இரண்டு நாள் நடுங்கினார்.

அப்புறம் அட்டைகளில் ஒரு சின்ன மாறுதல் தெரிந்தது. ‘பாவம் என் தோழி லொரெய்ன். கூரைமேல் பனி ஏறிக் கிடக்கிறது. இந்த ஊரில் ஆம்பளை என்று ஒருவன் இருந்தால் தள்ளிவிட மாட்டானா?’ ஹால்வர் நீளக் கம்பை எடுத்துக்கொண்டு லொரெய்ன் வீட்டுக்குப் போனார்.

“வா ஹால்வர். யாரு அனுப்பினா?” என்றாள் லொரெய்ன், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு.

“யாரும் இல்ல. தோணிச்சு.”

“உனக்கு இந்த வருஷம் ரொம்பத் தோணுது போல.”

“ம்.”

“பின்பக்கக் கூரையும் தோணுதா?”

பின்பக்கமும் தள்ளினார். லொரெய்ன் ஒரு தட்டு கேக் கொடுத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பல் வலி என்று ஹால்வர் நினைத்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் தேவாலயத்து நடைபாதை, அதற்கடுத்த வாரம் அடித்தளத்து நாற்காலிகளுக்கு ஆட்டம் நிறுத்துவது. கடை வைத்திருந்த காலத்தில்கூட மனுஷன் இவ்வளவு உழைத்ததில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. யாராவது கேட்டால் “மோசமில்ல” என்றார்.

இதெல்லாம் போகட்டும். உண்மையான கஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

ஒருநாள் ஆர்டிஸ் மேசையின் ஒரு மூலையை ஒதுக்கி அவருக்குச் சாப்பாடு வைத்தாள். ஹால்வர் பூரித்துப்போய் உட்கார்ந்தார். அவள் எதிரே உட்கார்ந்து ஒரு தாளைப் பிரித்தாள். ஸ்டென்சில் எழுத்துத் தாள்.

“எங்க கார்டு வாங்கறவங்கள்ல ஸ்கார்னு ஒருத்தர் இருக்கார். என்னமா எழுதறார் தெரியுமா?”

“யாரோ கிழவன்.”

“கிழவனா இருந்தா என்ன? மனசு இருக்கே.”

“எனக்கு இல்லையா?”

“உனக்கும் இருக்கு. வாய்தான் இல்ல.” தாளைப் பார்த்தாள். “இதக் கேளு. ‘உங்கள் அட்டை வரும் நாளில்தான் நான் சவரம் செய்துகொள்கிறேன்.’ எவ்வளவு அழகு! நீ எப்பவாவது எனக்காக சவரம் பண்ணியிருக்கியா?”

ஹால்வர் அன்று காலைதான் சவரம் செய்திருந்தார். வெட்டுக் காயம்கூடத் தாடையில் இருந்தது. காட்ட முடியவில்லை.

“அவருக்கு வேற வேலை இல்ல,” என்றார் கடுப்பாக. “சும்மா உக்காந்து எழுதறான்.”

“மரியாதையா பேசு. பெரியவர்.”

அன்றிலிருந்து ஹால்வருக்கு டோர்வால்டைக் கண்டாலே பிடிக்கவில்லை. அந்த ஆள் எழுதுவது எல்லாம் இவர் எழுதியதுதான். ஆனாலும் ஆர்டிஸின் கண் மின்னுவது அவன் பெயருக்கு. ராத்திரி பகலாக இடுப்பொடிய வேலை செய்தவன் இவன், பேர் வாங்குகிறவன் அவன். அவனை ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால் ஆளே கிடையாது! மட்டமாக ஒரு கடிதம் எழுதி அவனுடைய பெயரைக் கெடுத்துவிடலாம் என்றுகூட உட்கார்ந்தார். தகட்டை வைத்ததும் நல்ல வார்த்தைதான் வந்தது. என்ன செய்ய?

மார்ச் மாதம் கூரையிலிருந்து பனி சொட்ட ஆரம்பித்தபோது ஆர்டிஸ் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“வர்ற புதன்கிழமை நானும் லொரெய்னும் ஸ்காரைப் பாக்கப் போறோம். சூடா ஒரு ஹாட்டிஷ் பண்ணி எடுத்துக்கிட்டு.”

அடியில் கறி, நடுவில் காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு. யாருக்காவது கஷ்டம் என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் இதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தடுக்க ஆள் பிறக்கவில்லை. ஹால்வர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“ரோடு சரியில்லையே.”

“நீதான் தெனம் அந்தப் பக்கம் கிளேட்டன் வீட்டுக்குப் போறியே. நீயே ஓட்டு.”

“அவருக்கு ஆளுங்க வந்தா பிடிக்காது.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“பேரைப் பாத்தா தெரியுது.”

“பேரைப் பாத்தா எனக்கு ஏதேதோ தெரியுது,” என்றாள் ஆர்டிஸ். “நீ மீதிக் கிழங்கச் சாப்பிடு.”

வேறு வழியில்லை. டோர்வால்ட் சாக வேண்டியதுதான். மறுநாளே ஹால்வர் வாளிமேல் உட்கார்ந்து, தகட்டை எடுத்து வைத்தார். டோர்வால்டின் அக்காள் மகன் எழுதுவதுபோல: ‘என் மாமா தூக்கத்திலேயே அமைதியாகக் காலமானார். உங்கள் அட்டைகள் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தன.’ சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். ஒழிந்தான் எதிரி! ஆனால் ‘ஆறுதல்’ என்ற இடத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. இந்த ஆள் போய்விட்டால் ஆர்டிஸிடம் பேச யார் இருக்கிறார்கள்? ஏரி முனகுவதை அவளிடம் யார் சொல்லுவார்கள்? அவள் பாடுவது காதில் விழுகிறது என்று யார் சொல்லுவார்கள்? இனி அட்டை வராது. மறுபடி அந்த டி.வி.யும் சுவரும்தான். கிளேட்டனின் குளிர்ந்த சமையலறையில், தானே உண்டாக்கித் தானே கொன்ற ஆளுக்காக ஹால்வர் அழுதார். இந்தத் தடவை குளிரைக் குற்றம் சொல்லவில்லை.

கடிதம் தேவாலயத்துக்குப் போய், ஆர்டிஸ் கையில் வந்து சேர்ந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

“அடப் பாவமே. போய்ட்டாராம்.”

“யாரு?” என்றார் ஹால்வர், டி.வி.யைப் பார்த்தபடி.

“ஸ்கார். அவரோட அக்கா பையன் எழுதியிருக்கான். அவனும் ஸ்டென்சில்லதான் எழுதறான்.” தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “குடும்பப் பழக்கம் போல.”

“இருக்கும்.”

“சரி, மனுஷனுக்கு யாரும் இல்ல. புதன்கிழமை நாங்களே அடித்தளத்துல காபி வெச்சு ஒரு இரங்கல் நடத்திடறோம். நீ வந்து பெரிய காபிப் பாத்திரத்தத் தூக்கிக் குடு.”

புதன்கிழமை ஹால்வர் காபிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். அடித்தளத்தில் பன்றிக்கறி பன்கள் அடுக்கியிருந்தன. கார்டுக் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள், சாவு வீட்டில் நிற்கிற மாதிரி. பாத்திரத்தை வைத்துவிட்டு நழுவப் பார்த்தார். வரிசை நகர்ந்தது. ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

“உன் இழப்புக்கு ரொம்ப வருத்தம் ஹால்வர்.”

“எனக்கு அவரைத் தெரியாதே.”

“ஆமாமா. ரொம்ப வருத்தம்.”

“தெரியாதுங்கறேன்!”

“தைரியமா இரு.”

கடைசியில் லொரெய்ன் வந்தாள். இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்ல மனுஷன், டோர்வால்ட். இன்னும் ஒரு மாசம் இருந்திருக்கலாம். எங்க கராஜ் கதவு அப்படியே நிக்குது.”

ஹால்வருக்குக் காது சூடாகியது. கூரை, நடைபாதை, நாற்காலி, பின்பக்கக் கூரை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இடுப்பு ஒரு தடவை சுளீரென்றது.

“எப்பலேர்ந்து தெரியும்?” என்றார் மெல்ல.

“மொத சீட்டுலேர்ந்து. பெட்டியத் தொறந்து ஆர்டிஸ் வாசிச்சா. மொதல்ல, எந்த ஸ்கார்? யாரு மகன்? யாரோட மச்சான்? இந்தச் சுத்து வட்டாரத்துல எங்களுக்குத் தெரியாம ஒரு நார்வேக்காரன் இருக்க முடியுமா? நாங்க என்ன செத்தா போய்ட்டோம்? அதுவும் கிளேட்டன் வீட்டு முகவரில!”

“அதுக்காக...”

“அதுகூடப் பரவாயில்ல. ‘மிகவும் தனிமையாக இருக்கிறார்’னு எழுதியிருந்துது பாரு. இந்த ஊர்ல எந்தக் கிழவன் வாயத் தொறந்து அப்படிச் சொல்லுவான்? சவப்பெட்டில வெச்சாலும் ‘மோசமில்ல’ன்னுதான் சொல்லுவான். இது யாரோ தாங்க முடியாம எழுதினதுன்னு எனக்கே தெரிஞ்சுது. ஆர்டிஸ் சீட்ட எடுத்து வெச்சுக்கிட்டா. ‘இவரு எனக்கு’ன்னா. எங்களச் சிரிக்கக்கூட விடல அன்னிக்கு.” லொரெய்ன் கொஞ்சம் நிறுத்தினாள். “அதுக்கப்புறம்தான் சிரிச்சோம்.”

“கூரை?”

“அது நான் கேட்டு வாங்கினது. ஆளுக்கு ஒரு வேலைன்னு ஆர்டிஸ் சொன்னா.”

ஹால்வர் ஒரு பன்னை எடுத்துக் கடித்தார். வேறு என்ன செய்வது? வாய் நிறைந்திருந்தால் பதில் சொல்ல வேண்டாம். ஆர்டிஸ் அந்தப் பக்கம் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆர்டிஸ் பாத்திரம் கழுவப் பின்தங்கிவிட்டதால் அவர் மட்டும் நடந்தே வீட்டுக்கு வந்தார். ஊர் முழுவதும் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, வெறுமையாக இருந்தது. இனி வாளி இல்லை, தபால் பெட்டி இல்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்தார். போடவில்லை. கறுப்புத் திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்டிஸ் வந்த சத்தம் கேட்டது. சாப்பாட்டு அறையில் நாற்காலி இழுபட்டது. பிறகு டொக் டொக். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. அப்புறம் அவள் வந்து அவர் மடியில் ஒரு உறையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

உறைமேல் ‘ஹால்வர்’ என்று இருந்தது. சாய்ந்த எழுத்து, ஸ்டென்சில் இல்லை.

பிரித்தார். உருகுகிற ஏரி. நீலத்துக்குள் சாம்பல் கரைந்துகொண்டிருந்தது, மை இன்னும் காயவில்லை. உள்ளே ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்ற முத்திரை. முத்திரைக்குக் கீழே:

‘அன்புள்ள ஹால்வர், உன் சிநேகிதர் போனதில் எனக்கும் வருத்தம்தான். அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவருடைய மனைவியையும் பிடித்திருந்தது. அவளுக்குத் தெரியாது என்று அவர் நினைத்தார். தெரியும். எதிர் நாற்காலியில் இருந்த காகிதத்தையெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். வந்து உட்காரு. — ஆர்டிஸ்.’

ஹால்வர் எழுந்தார். கோட்டைக் கழற்றினார். தலைமுடியை ஒரு தடவை தடவி விட்டுக்கொண்டார். சாப்பாட்டு அறைக்குப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆர்டிஸ் மார்க்கரை மூடி வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்து அவரைப் பார்த்தாள். காத்திருந்தாள். ஹால்வருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

“நாளைக்குப் பனி இல்லையாம்,” என்றார்.

ஆர்டிஸ் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, மார்க்கரை எடுத்து மூடியைத் திறந்தாள்.

“டோர்வால்டா இருந்தா,” என்றாள், “இந்நேரம் ஏதாவது பேசியிருப்பார்.”